சுவரில் மாட்டிய இரும்புச் சீப்பு

என் கணவர் இரும்புக் குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம், காலை ஏழு மணி இருக்கும். மூன்று நாளாக மழை விடவில்லை. பீளமேட்டில் அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஜன்னலைச் சாத்தியும் ஈரக் காற்று எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கட்டிலில் படுத்திருந்தேன். என் பக்கத்தில் பஞ்சில் சுற்றி என் மகளை வைத்திருந்தார்கள். எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டவள். பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. நாலு ராத்தலுக்கும் குறைவு.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அந்தச் சாமான் நின்றது. பத்து இரும்புக் குழாய்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு குழாய்களால் சேர்த்துப் பற்றவைத்தது. என் கணவர் அதை ரேடியேட்டர் என்றார். தெருவில் எல்லோரும் சீப்பு என்றார்கள். வீட்டைச் சூடுபண்ணுவது அதன் வேலை. ஹாலில் இருந்த சீப்பைத் தொட்டால் கை சுட்டது. இந்த அறையில் இருந்தது பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

"தண்ணி வரலீங்களா?" என்று கேட்டேன்.

"வரோணும் அம்மணி. வராம எங்க போகும்?" என்றார் அவர், காதை எடுக்காமலே.

அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. இத்தனை வாரமாக இந்தத் தொடரில் சொல்லாமல் ஓட்டிவிட்டேன். இனிமேல் தொடங்குவதாகவும் இல்லை.

டாக்டரம்மா சொன்னது

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். சத்தியமங்கலத்தில் என் அம்மா அதற்காக அறையை வெள்ளையடித்துத் தயாராக வைத்திருந்தாள். வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று. என் மகள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

டாக்டரம்மா தன் சின்னக் காரில் மழையோடு மழையாக வந்து பிரசவம் பார்த்தார். இந்த மழையில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது இங்கே வைத்திருப்பதைவிட மோசம் என்று சொல்லிவிட்டார். பிறகு சுவரில் தொங்கிய உஷ்ணமானியைப் பார்த்தார். அது என் கணவர் சீமையிலிருந்து வாங்கி வந்தது. பாரன்ஹீட்டில் எழுபதைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"இது பத்தாதும்மா. இந்த ரூம்ல இருக்கிற நமக்கெல்லாம் வேர்க்கணும். அப்பத்தான் குழந்தைக்குச் சரி" என்றார். "புகை மட்டும் ஆகவே ஆகாது. அவளுக்கு மூச்சே இப்பத்தான் நூல் மாதிரி வருது."

"எத்தனை நாளைக்குங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"முதல்ல நாளைக் காலை வரைக்கும் பாருங்க. அப்புறம் நாளைச் சொல்றேன்."

இது நல்ல பதில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. என் கணவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் கவலையோடு இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வருடமாக ஊரே சிரித்த ஒரு சாமானுக்குக் கடைசியில் வேலை வந்துவிட்டது.

சீமையிலிருந்து வந்த கடிதங்கள்

அது என்ன சாமான், கோயம்புத்தூர் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மேலே போக முடியும்.

என் கணவர் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் என்ஜினியர். எங்களுக்குக் கல்யாணமான வருடமே அவரை மெஷின் வேலை பழகச் சீமைக்கு அனுப்பினார்கள். போன நேரம் அங்கே நல்ல குளிர்காலம். நான் பீளமேட்டில் ஒரு வாடகை வீட்டில், அவருடைய அக்காவோடு இருந்தேன். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான்.

பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வரும். "இங்கு நான் நலம். அங்கு உன் நலமறிய ஆவல். இங்கே குளிர் அதிகம். இவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால்" என்று ஆரம்பித்து, நாலு பக்கம் அதையே எழுதியிருப்பார். புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு வந்த காதல் கடிதங்களைப் பற்றிச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு வந்தவை அடுப்புகளைப் பற்றியவை.

முதல் கடிதத்தில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளின் கணப்பு. சுவரிலேயே ஒரு மாடம், அதில் நிலக்கரி எரியும், மேலே புகைபோக்கி. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் வேகிறது, முதுகு விறைக்கிறது என்று எழுதியிருந்தார். சூட்டில் முக்கால்வாசி புகையோடு மேலே போய்விடுமாம். போன காற்றுக்குப் பதிலாக வெளியே இருக்கிற குளிர்காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வருமாம். அறையைச் சூடாக்க வைத்த நெருப்பே குளிரையும் கூப்பிட்டுக்கொள்கிறது.

அடுத்தது அவருடைய மாடி அறையில் இருந்த கேஸ் கணப்பு. பெட்டியில் காசு போட்டால் கேஸ் வரும். மண்ணால் செய்த துண்டுகள் செக்கச்செவேலென்று பழுத்து வெப்பம் வீசும். காசு தீர்ந்தால் அணைந்துவிடும். ஒரு நாள் பாதிச் சவரத்தில் அணைந்துபோனதாம். மீதியைக் குளிரில் முடித்ததில் வெட்டிக்கொண்டதையும் எழுதியிருந்தார்.

பிறகு ஒரு மாதா கோயில். நிலவறையில் பெரிய உலை வைத்துக் காற்றைக் காய்ச்சுகிறார்கள். காய்ந்த காற்று தகரக் குழாய் வழியாக ஏறி, தரையில் பதித்த இரும்புச் சல்லடையில் வெளியே வருகிறது. இவர் ஜபம் முடியும்வரை அந்தச் சல்லடைமேலேயே நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த கடிதத்தில்தான் மனுஷனுக்குப் பித்துப் பிடித்தது.

மில் மேனேஜர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே எந்த அறையிலும் நெருப்பே இல்லை. ஆனால் எல்லா அறையும் ஒரே கதகதப்பு. சாப்பாடு என்ன போட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. படம் மட்டும் மூன்று போட்டிருந்தார். சமையலறையில் ஒரு பாய்லர். வெந்நீர் லேசு, அதனால் தானாக மேலே ஏறுகிறது. ஒவ்வொரு அறையாகப் போய், அங்கே நிற்கும் இரும்புக் குழாய்களில் சூட்டை இறக்கிவைக்கிறது. ஆறிய தண்ணீர் கனம், அதனால் தானாகக் கீழே இறங்கிப் பாய்லருக்கே திரும்புகிறது. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. தண்ணீர் காய்ந்தால் பெருகும் என்பதால் உச்சியில் ஒரு திறந்த தொட்டி.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இது இருந்தது: "குழாய்களின் மேல்முனையில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு வைத்திருக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவு ஓட்டை. உள்ளே காற்று சேர்ந்துவிட்டால் வெந்நீர் வர வழியில்லாமல் அந்தக் குழாய் மட்டும் சில்லென்று நின்றுவிடும். அப்போது திருகை அரைச் சுற்று திறந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியே போகும். பிறகு தண்ணீர் சொட்டும். உடனே மூடிவிட வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்."

உடம்பைப் பார்த்துக்கொள் என்பது எனக்கு. மற்றதெல்லாம் திருகுக்கு.

எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்துத் தடவை படித்தேன். எங்காவது ஒரு வரியில் நான் இருப்பேனா என்று தேடித்தான் படித்தேன். நான் அகப்படவில்லை. சீமையில் வீடுகளை எப்படிச் சூடாக்குகிறார்கள் என்பது மட்டும் மனப்பாடமாகிவிட்டது.

பத்தலீங்களா?

திரும்பி வந்தவர் சொந்த வீடு கட்டினார். அதில் பாய்லர் வைத்தார்.

மருதாசலம் என்று மில்லில் ஒரு ஃபிட்டர். கண் பார்த்ததைக் கை செய்யும் மனிதர். மில்லில் கழித்துப் போட்ட குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து, இருவருமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பற்றவைத்தார்கள். கொல்லையில் பாய்லர். மொட்டைமாடியில் தொட்டி. ஹாலில் ஒரு சீப்பு, படுக்கை அறையில் ஒரு சீப்பு. எரிக்கப் பருத்திமார். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் செடியைப் பிடுங்கிக் காயவைத்தால் அதுதான் பருத்திமார். எங்கள் ஊரில் அதற்குக் குறைவே இல்லை.

கோயம்புத்தூரில் இது எதற்கு என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றியும் மார்கழி மாதத்தைப் பற்றியும் அவர் நெடுநேரம் பதில் சொல்வார். கேட்டவர்கள் பிறகு கேட்பதில்லை.

வீடு புகுந்தது சித்திரை மாதம். நல்ல நாள் அப்போதுதான் கிடைத்தது. ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், எல்லாம் வந்திருக்கும்போது காட்டாமல் விடுவாரா? விடிகாலையிலேயே பாய்லரை மூட்டிவிட்டார். ஹாலில் ஹோமம் ஒரு பக்கம், சீப்பு இன்னொரு பக்கம். புரோகிதர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அன்று மந்திரங்கள் கொஞ்சம் வேகமாக முடிந்தன.

என் அப்பா சத்தியமங்கலத்தில் மஞ்சளும் கரும்பும் போட்டுக்கொண்டிருந்த விவசாயி. சீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது எதுக்குங்க மாப்பிள்ளை?"

"ஊட்டைச் சூடு பண்றதுக்குங்க மாமா."

அப்பா வாசல் வழியாக வெளியே அடித்த வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, பத்தலீங்களா?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் அந்த வார்த்தை அன்று மாலைக்குள் பீளமேடு முழுவதும் போய்விட்டது. மில்லில் அவரைப் பார்த்தால், "பத்தலீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் குட்மார்னிங் சொன்னார்கள். மரியாதைக் குறைவாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் 'ங்க' போட்டுத்தான் சிரித்தார்கள்.

அதோடு சீப்புகளுக்கு ஓய்வு. பாய்லரில் ஒரு குழாய் வைத்துக் குளிக்க வெந்நீர் மட்டும் எடுத்துக்கொண்டோம். லேசாகத் துரு நிறத்தில் வரும். ஹால் சீப்பில் நான் துவைத்த துணியைக் காயப் போட்டேன்.

வருடத்துக்கு ஒரு மரியாதை

ஆயுத பூஜை அன்று மட்டும் அவற்றுக்கு மதிப்பு வரும்.

நங்கையா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கல்லில் சந்தனம் இழைத்துக் கிண்ணம் நிறைய வைத்துக்கொள்வார். தையல் மெஷின், அரிவாள்மனை, சைக்கிள், அம்மி, தம்பியின் ஸ்பேனர்கள், கொல்லை பாய்லர் என ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். அவருக்கு அந்தச் சீப்புகளைப் பிடிக்காது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற தண்டச் சாமான் என்பார். ஆனாலும் அன்றைக்கு மட்டும், அதுவும் இரும்புதானே என்று இரண்டுக்கும் ஈரத்துணி போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்பார்.

படுக்கை அறைச் சீப்பின் மேல்முனையில் இருந்த பித்தளைத் திருகை அவர் மூக்குத்தி என்றுதான் சொல்வார். இரும்பு முழுக்கக் கறுப்பாக இருக்கும்போது அது ஒன்றுதான் பளபளவென்று இருந்தது. பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. போன வருடமும் வைத்தார், இந்த வருடமும் வைத்தார். தாராளமாக வைத்தார்.

கரிச்சட்டி

இப்போது அந்த மழைக் காலைக்குத் திரும்பலாம்.

முந்தின நாள் மாலை டாக்டரம்மா போனதுமே என் கணவர் பாய்லரை மூட்டினார், விடியும்வரை நெருப்பைக் கூட்டிக்கொண்டே இருந்தார். ஹால் சீப்பு சூடாகிவிட்டது. குழந்தை இருந்த படுக்கை அறைச் சீப்புதான் ஆகவில்லை. ஹாலுக்கு எங்களை மாற்றலாம் என்றால், அங்கே மூன்று பக்கம் கதவு. சூடு வந்த வேகத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தது. நங்கையா சோடா பாட்டில்களில் வெந்நீர் பிடித்துத் துணி சுற்றிக் குழந்தையின் இருபக்கமும் வைத்தார். அரை மணிக்கு ஒருதரம் ஆறிப்போகும், மாற்றுவார். விடிய விடிய மாற்றினார். காலையில் குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. அழக்கூட இல்லை.

என் கணவர் குழாயிலிருந்து காதை எடுத்தார். பித்தளைத் திருகைத் திறந்தார். ஒன்றும் சீறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"காத்து இல்ல. அப்பன்னா துருதான். உள்ள எங்கியோ அடைச்சிருக்குது" என்று சொல்லிச் சுத்தியலால் அடிக்குழாயில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"குழாயை வெட்டித்தான் பாக்கோணும். மில்லுக்குப் போயி கட்டரும் மருதாசலத்தையும் கூட்டிட்டு வாரேன்."

"எத்தன நேரமாகுமுங்க?"

"மத்தியானத்துக்குள்ள ஆயிருமம்மணி" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அவர் போனார். சைக்கிள் தெரு திரும்பும்வரை நங்கையா வாசலில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு உள்ளே வந்தார். கையில் கரிச்சட்டி.

பிள்ளை பெற்ற அறையில் கதவு ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்கடியில் கரி நெருப்பு வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். மண்சட்டியில் கனிந்த கரி, மேலே கொஞ்சம் சாம்பிராணி. சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நங்கையா தன் சட்டியோடு போய்விடுவார். அதற்குக் காரணம் இருந்தது. அவருக்கும் ஒரு குழந்தை பிறந்தது. அந்தியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தபோது, இதே எட்டாம் மாதத்தில், இதே மாதிரி மழையில். விறகு முழுக்க நனைந்துபோய்விட்டது. அடுப்பே பற்றவில்லை. என்னிடம் ஒரே ஒரு முறைதான் இதைச் சொன்னார். முடிக்கவில்லை.

"நங்கையா, வேண்டாங்க. டாக்டரம்மா புகை ஆகாதுன்னு சொன்னாங்கல்லங்க."

"கனிஞ்ச கரியில ஏது புகை? தம்பி இரும்பக் கட்டிட்டு அழுவட்டும். நான் ஒண்ணைக் குளுருக்குக் குடுத்தது போதும்."

அவர் சட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, ஜன்னல் கொக்கியைப் போட்டார். "இன்னொரு சட்டி கனியுது, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இரண்டாவது கடிதத்தின் ஓரத்தில் ஒன்று எழுதியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் அவரிடம் முதல் நாளே சொன்ன எச்சரிக்கை. புகைபோக்கி இல்லாத அறையில் கரி எரித்தால் நிறமும் மணமும் இல்லாத ஒரு விஷக்காற்று வரும், ஆள் தூங்கியபடியே போய்விடுவான். புகையே தெரியாது என்பதுதான் அதில் ஆபத்து.

கரியை வெளியே எடுத்தால் குழந்தை குளிரில் போய்விடும். உள்ளே வைத்தால் மூச்சில் போய்விடும். எனக்கு இருபது வயது. அந்த அறையில் என் மகளையும் என்னையும் தவிர யாரும் இல்லை. வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பயந்ததில்லை.

ஊக்கு

படுத்தபடியே எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பார்க்க வேறு எதுவும் அங்கே இல்லை.

ஹாலில் சூடு வருகிறது. ஒரே பாய்லர், ஒரே தண்ணீர். இந்தக் குழாய் மட்டும் சில்லென்று நிற்கிறது. இந்த வரியை நான் எங்கோ படித்திருக்கிறேன். எங்கோ என்ன, பத்துத் தடவை படித்திருக்கிறேன். அந்தக் குழாய் மட்டும் சில்லென்று நின்றுவிடும். உள்ளே காற்று இருந்தால்.

ஆனால் அவர் திறந்தபோது சீறவில்லையே.

அப்போதுதான் அந்த மூக்குத்தியின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

பிள்ளை பெற்று ஒரு நாள் ஆகாதவள் எழுந்து நடக்கக் கூடாது. ஈரத்தைத் தொடக் கூடாது, இரும்பைத் தொடக் கூடாது. கூடாதவற்றின் பட்டியல் பெரியது. முதலில் ஜன்னலைத் திறந்தேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சீப்புவரை போனேன். ஆறு காலடி தூரம்தான். நடுவில் ஒருமுறை நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

திருகின் பக்கவாட்டில் இருந்த ஓட்டையைக் காணோம். இரண்டு ஆயுத பூஜைச் சந்தனம் அதற்குள் இறங்கி, காய்ந்து, கல்லாகியிருந்தது. திருகைத் திறந்தாலும் காற்று வெளியே வர வழி ஏது? மழைக்கு முன்னால் மாடித்தொட்டியைக் கழுவக் குழாய்த் தண்ணீரை எல்லாம் இறக்கிவிட்டு மறுபடி நிரப்பியிருந்தார்கள். காற்று அப்போது போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இது பின்னால் யோசித்தது. அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை. தாலிக்கொடியில் எப்போதும் கோத்து வைத்திருக்கும் ஊக்கை எடுத்தேன். திருகைத் திறந்துவிட்டு ஊக்கின் முனையால் குடைந்தேன்.

முதலில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. பிறகு ஒரு சின்னக் கட்டி வெளியே வந்தது. அதன் பிறகு அது சீறியது.

கடிதத்தில் எழுதியிருந்த மாதிரியேதான் சீறியது. ஆனால் இவ்வளவு நேரம் சீறும் என்று அவர் எழுதவில்லை. நின்றுபோய்விடப் போகிறதே என்று பயந்துகொண்டே நின்றேன். கடைசியில் இரண்டு தடவை இருமி, கறுப்புத் தண்ணீரை என் புடவைமேல் துப்பியது. சொட்ட ஆரம்பித்ததும் மூடினேன்.

முதல் குழாயில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்குள் லேசாக ஒரு வெதுவெதுப்பு. பிறகு இரண்டாவது குழாய். பிறகு மூன்றாவது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது ஐந்தாவது குழாயில்தான் எனக்கே தெரிந்தது.

கதவருகில் நங்கையா நின்றிருந்தார், இரண்டாவது சட்டியோடு. எப்போது வந்தார் என்று தெரியாது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து குழாயைத் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு என் கையில் இருந்த ஊக்கைப் பார்த்தார். அதன் முனையில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் அதைத் தொட்டு, மோந்து பார்த்தார்.

என்னைத் தாங்கிக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார். ஈரப் புடவையை மாற்றினார். இரண்டு சட்டிகளையும் கொல்லைக்குக் கொண்டுபோய் மழையில் கவிழ்த்தார். நெருப்பு அணைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அறைக்காற்று மாறும்வரை காத்திருந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு போய்ப் பாய்லர்முன் உட்கார்ந்து பருத்திமாரைத் தள்ள ஆரம்பித்தார்.

பத்து மணிவாக்கில் உள்ளே வந்து முந்தானையால் நெற்றியைத் துடைத்தார்.

"வேர்க்குது அம்மணி" என்றார்.

என் மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவள் காலை உதறிக்கொண்டு, எட்டுவீட்டுக்குக் கேட்க அழுதாள்.

இரண்டு தட்டு

அவரும் மருதாசலமும் சொட்டச் சொட்ட நனைந்து, கட்டரோடு வந்து சேர்ந்தார்கள். அறைக்குள் கால் வைத்ததுமே இருவரும் நின்றுவிட்டார்கள். அவர் போய்ச் சீப்பைத் தொட்டார். உஷ்ணமானியைப் பார்த்தார். மறுபடி சீப்பைத் தொட்டார்.

"போகும்போது ரண்டு தட்டுத் தட்டுனனல்ல? அதுல துரு விட்டுப்போச்சு" என்றார் மெதுவாக.

மருதாசலம் என்னைப் பார்த்தார். நான் நங்கையாவைப் பார்த்தேன். நங்கையா குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியை இதற்குமேல் மடிக்க முடியாது, அப்படியும் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

அன்று மாலை வந்த டாக்டரம்மா உள்ளே நுழைந்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சந்தோஷத்தில், இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஒரு மணிநேரம் கழித்துத்தான் காருக்குப் போக முடிந்தது.

நாற்பது நாள் பாய்லர் அணையவில்லை. எங்களிடம் இருந்த பருத்திமார் முதல் வாரமே தீர்ந்தது. அதற்குப் பிறகு, முன்பு சிரித்தவர்கள் எல்லோரும் கொண்டுவந்து கொட்டினார்கள். சத்தியமங்கலத்திலிருந்து அப்பா ஒரு வண்டி நிறையக் காய்ந்த விறகோடு வந்தார். சீப்பின்முன் கொஞ்ச நேரம் நின்றார். "பத்துமுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். இந்தத் தடவை விறகைத்தான் கேட்டார்.

சுத்தியல் கதையை என் கணவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில், ரயிலில், சம்பந்தி வீட்டில். போகப்போக இரண்டு தட்டு ஒரே தட்டாகிவிட்டது, எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்து தட்டிய ஒரே தட்டு. நான் திருத்தவில்லை. அந்த நாலு பக்கக் கடிதம் இல்லாவிட்டால் நான் அந்தத் திருகைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய பொய் இல்லை. அவர் எழுதிய கடிதங்களில் நான் எங்கே இருக்கிறேன் என்று அதற்குப் பிறகு நான் தேடவில்லை.

நங்கையாவும் நானும் அந்த ஊக்கைப் பற்றிப் பேசியதே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்திருந்தது. நங்கையாவின் இடுப்பைவிட்டு இறங்கமாட்டாள். அன்றும் இடுப்பில் உட்கார்ந்தபடி அவரோடு வீடு முழுக்கச் சுற்றினாள். தையல் மெஷின், அரிவாள்மனை, சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் நங்கையா அவளுடைய சின்ன விரலைக் கிண்ணத்தில் தோய்த்து, அவள் கையாலேயே பொட்டு வைக்கவிட்டார். நான் பொரித் தட்டோடு பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

படுக்கை அறைக்கு வந்தார்கள். பத்துக் குழாய்க்கும் பத்துப் பொட்டு. சீப்புக்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன்னால் நடந்ததில்லை. முடித்துத் திரும்பும்போது குழந்தையின் கண்ணில் பித்தளை பட்டுவிட்டது. சந்தன விரலை அதை நோக்கி நீட்டினாள்.

நங்கையா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க வேண்டாங் கண்ணு" என்றார். "அது மூச்சு உடற எடம்."